மூச்சு விடும் இடம்

மூச்சக்கா கட்டில் வாங்கிய மறுநாள்தான் இன்னொண்ணு தன் காதலைச் சொன்னாள். கெட்ட செய்திக்கு நேரம் காலம் தெரியாது என்பார்கள். அதெல்லாம் சும்மா. அது நன்றாக நேரம் பார்த்து, கட்டில் படியேறி அறைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும்.

முதலில் இந்தப் பெயர்களைச் சொல்லிவிட வேண்டும். இரண்டுமே வீட்டில் வைத்தவை இல்லை, ஸ்டுடியோவில் வைத்தவை. வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கிற இடம் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர். இந்தப் பக்கம் ஒரு மைக், ஒரு திரை, வசனத்தாள் வைக்க ஒரு ஸ்டாண்டு. திரையில் எவளோ ஒருத்தி வாயைத் திறப்பாள். அவள் வாய் மூடுவதற்குள் இங்கே வசனம் முடிந்திருக்க வேண்டும். அங்கே இருப்பதிலேயே மூத்த குரல்காரி, புதிதாக வருகிறவர்களிடம் கேட்கும் ஒரே கேள்வி, "மூச்சு எங்க?" என்பது. வசனத்தில் எங்கெங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு சின்னச் சாய்கோடு போட்டுக்கொள்வாள். கோடு போடாத தாளோடு மைக் முன்னால் நிற்பவர்களை, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். அப்படி வந்த பெயர் மூச்சக்கா.

இன்னொண்ணு கூட்டத்துக்குக் குரல் கொடுக்க வந்த பெண். சந்தை இரைச்சல், விருந்துச் சலசலப்பு, தீப்பிடித்த கட்டடத்திலிருந்து ஓடும் ஜனம். ஒருநாள் மற்றவர்களோடு சேர்ந்து "ஐயோ, தீ!" என்று ஒழுங்காகக் கத்திவிட்டு, கண்ணாடியைத் தட்டி, "அண்ணா, இன்னொண்ணு போலாமா?" என்று கேட்டாள். கூட்டத்தோடு கத்துகிறவள் இன்னொரு டேக் கேட்டதை அந்த ஸ்டுடியோ அதுவரை கண்டதில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூச்சக்கா சிரிக்கவில்லை. "இவ தேறுவா," என்றாள். தேறவும் வைத்தாள். இப்போது தொடர்களில் மூச்சக்கா மாமியார் என்றால் இன்னொண்ணு மருமகள். மைக் முன்னால் தினமும் ஒருத்தியை ஒருத்தி கரித்துக் கொட்டிவிட்டு, மதியம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள்.

மூச்சக்காவுக்கு வேறு யாரும் இல்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை அம்மா, அம்மா போன பிறகு அம்மாவின் அறை. சாயங்காலம் ஆனால் பாதி வீடுகளில் அவள் குரல் கேட்கும், ராணியாக, நர்ஸாக, விஷம் வைக்கிற நாத்தனாராக. அவள் வீட்டில் மட்டும் கேட்காது. விடுமுறை நாட்களில் பொழுது சாயும்போது திடீரென்று தோன்றும், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லையே என்று. தொண்டை இருக்கிறதா என்று பார்க்க, கைக்கு அகப்பட்ட சோப்பு உறையை எடுத்துச் சத்தமாகப் படிப்பாள். "கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவவும்." அப்பழுக்கில்லாத உச்சரிப்பு. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோப்பு உறைக்கு வேலை இருக்காது. அன்றைக்கு விடுதியிலிருந்து இன்னொண்ணு வந்துவிடுவாள், துவைக்க வேண்டிய துணியையும் சொல்ல வேண்டிய கதைகளையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு. ஏழு நாளையும் ஞாயிற்றுக்கிழமை ஆக்கிவிட்டால் என்ன என்று மூச்சக்காவுக்குத் தோன்றியது. அம்மாவின் அறையைக் காலி செய்தாள், வெள்ளையடித்தாள், ஜன்னலுக்குத் திரை தைத்தாள், கட்டில் வாங்கினாள். 'விடுதியில எதுக்குடி கெடக்கிற, இங்க வந்துடு' என்று சொல்ல வேண்டும். கெஞ்சுகிற தொனி வரக்கூடாது. போகிற போக்கில் சொன்னது மாதிரி இருக்க வேண்டும். பல் தேய்க்கும்போதுகூட அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள்.

மதியம் பெஞ்சில் உட்கார்ந்ததும், "அடியே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தாள்.

"எனக்கும்தான் அக்கா. நான் முதல்ல சொல்லிடறேனே."

ஆள் ஏசி மெக்கானிக். மூச்சக்கா தொண்டை கட்டிப் படுத்திருந்த வாரத்தில் ஸ்டுடியோ ஏசியைச் சரிபார்க்க வந்தவன். ஏசி வேலை நடந்தால் ரெக்கார்டிங் நடக்காது. ரெக்கார்டிங் நடந்தால் ஏசி வேலை நடக்காது. ஆக இருவருக்கும் மாறி மாறிச் சும்மா உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள நேரம் கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு தினமும் வாய்ஸ் மெசேஜ். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவன் கேட்டு, இவள் சரி சொல்லி, எல்லாம் முடிந்துவிட்டது.

"எனக்குத் தொண்டை கட்டினது ஒரு வாரம்டி. அதுக்குள்ள கல்யாணம் வரைக்கும் போயிட்டியா?"

"கேட்டா உங்களுக்கே புரியும் அக்கா. இருங்க." இன்னொண்ணு போனை எடுத்து, பக்கத்து மேஜைக்குக் கேட்காதபடி இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

ஆண் குரல். நிதானமானது. 'இன்னைக்கு ஒரு வீட்ல ஏசி மாட்டப் போனேன். சுவத்துல துளை போட்டதும், அந்தப் பக்கத்து வெளிச்சம் உள்ள வந்துச்சு. உங்களைப் பார்த்த அன்னைக்கும், எனக்கு அப்படித்தான் இருந்துச்சு.'

மூச்சக்கா கண்ணை மூடிக் கேட்டாள். "இன்னொரு தடவ போடு," என்றாள். மறுபடியும் கேட்டாள். இன்னொண்ணு அவள் முகத்தையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கும் பிள்ளை மாதிரி.

"இது பேச்சு இல்லடி," என்றாள் மூச்சக்கா. "படிப்பு."

"அக்கா..."

"எழுதி வச்சுப் படிக்கிறான். மூச்சு எல்லாம் கரெக்டா கமாவுல விழுது பாரு. ஒரு 'அது வந்து' இருக்கா? ஒரு 'இல்ல, என்னன்னா' இருக்கா? நடுவுல தாள் அசையுற சத்தம் கேக்குது. இது முதல் டேக்கும் கிடையாது, பத்துப் பதினஞ்சு போட்டுப் பார்த்து எடுத்தது. நாம பண்ற வேலைடி இது, எனக்குத் தெரியாதா?" சொல்லச் சொல்ல அவளுக்கே தான் சொல்வது சரி என்று உறுதிப்பட்டது. "இதையும் கவனிச்சியா? உன் பேர் எங்க? ஒரு தடவையாவது உன் பேரைச் சொன்னானா? உங்களை, உங்களைன்னு யாருக்கு வேணா அனுப்பலாம். எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கானோ. வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்குன்னு சும்மாவா சொன்னாங்க. மனசுல உள்ளதைச் சொல்றவன் திணறுவான்டி. தடுமாறுவான். வார்த்தை முட்டும்."

இன்னொண்ணு போனை எடுத்துப் பைக்குள் வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு யாருக்கோ வாக்குக் கொடுத்தவள் போல மூடிக்கொண்டாள்.

"ஆமாக்கா," என்றாள் கடைசியில். "படிக்கத்தான் செய்யறார்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்." டப்பாவை மூடினாள். பாதிகூடச் சாப்பிடவில்லை. "நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே?"

"ஒண்ணும் இல்ல. உப்பு கம்மியா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

அந்தக் கட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே நின்றது. மூச்சக்கா அதன் பக்கம் போகும்போதெல்லாம் தன்னிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வாள்: இந்தப் பயம் அவளுக்காகவா, இந்தக் கட்டிலுக்காகவா? அவளுக்காகத்தான் என்று உடனே பதில் வரும். எழுதி வைத்துப் படித்த மாதிரி வரும். காது பொய் சொல்லாது என்று சமாதானம் சொல்லிக்கொள்வாள். உண்மையில் அந்தக் காதில் குறையே இல்லை. தாள் அசைந்தது நிஜம், கமா நிஜம், பத்துப் பதினைந்து டேக்கும் நிஜம்.

இன்னொண்ணு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மதியம் டப்பாவைக் கொண்டுபோய்ச் சவுண்டுக்காரரின் அறையில் வைத்துச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது என்றாள். மைக் முன்னால் மட்டும் வழக்கம் போல, "உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு தெரியும் அத்தை," என்று உருகினாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக மூச்சக்கா பதில் வசனத்தைத் தவறவிட்டாள். திரையில் மாமியார் பேசாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

ஆளை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். பார்த்து, நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டால் சாயம் வெளுத்துவிடும். ஏசி கம்பெனிக்குத் தானே போன் போட்டு, "போன தடவ வந்த ஆளையே அனுப்புங்க, சத்தம் வருது," என்றாள். எந்தச் சத்தமும் வரவில்லை. பொய் சொல்லும்போதும் உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

அவன் வந்தான். ஒல்லியாக, சட்டைப் பையில் டெஸ்டரோடு. மூச்சக்காவைப் பார்த்துத் தலையசைத்தான். ஏணியை விரித்தான், ஏறினான், மூடியைக் கழற்றினான். ரெக்கார்டிங் இடைவேளை. சவுண்டுக்காரரின் அறையில் யார் இருக்கிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மைக் மேலே, அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிவதையும் பார்க்கவில்லை. அறைக்குள் நுழைந்ததும் முதலில் விளக்கைப் பார், அப்புறம் வாயைத் திற என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

"தம்பிக்குச் சொந்த ஊர் எது?"

அவன் கையை எங்கோ தூரமாகக் காட்டிச் சிரித்தான்.

"வீட்ல யார் யார் இருக்காங்க?"

இரண்டு விரலைக் காட்டினான். ஸ்க்ரூவைத் திருகத் திரும்பிக்கொண்டான்.

திமிர் என்று நினைத்தாள் மூச்சக்கா. வயதுக்காவது மரியாதை வேண்டாமா. உள்ளே இத்தனை நாள் தேங்கியிருந்தது அத்தனையும் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏன் தம்பி, நேர்ல வாயே வராதா உனக்கு? எழுதி வச்சுப் படிச்சாத்தான் வருமா?"

அவன் ஏணியில் அப்படியே நின்றான். பிறகு மெதுவாக இறங்கினான். அவள் முன்னால் வந்து நின்று, ஸ்க்ரூ டிரைவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அ..." என்றான். "அ... அ... அக்..."

கழுத்து நரம்பு புடைத்தது. கண் இறுக மூடிக்கொண்டது. தாடை ஒரு பக்கமாக இழுத்தது. மூச்சக்காவுக்கு வேறு எதுவும் தெரியாவிட்டாலும் மூச்சு தெரியும். அது தொண்டையில் எங்கே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அவளால் விரல் வைத்துக் காட்ட முடியும். அவன் 'அக்கா' என்று கூப்பிடத்தான் பார்க்கிறான் என்பதும் புரிந்தது. அது வரவே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து ஸ்பீக்கரில் அவனுடைய 'அ' இன்னும் பெரிதாக ஒலித்திருக்க வேண்டும். கதவைத் தள்ளிக்கொண்டு இன்னொண்ணு உள்ளே வந்தாள். அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கினாள். அவன் தலையை ஆட்டி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஏணியில் ஏறி, மூடியைப் பொருத்தி, ஸ்க்ரூ எல்லாவற்றையும் முடுக்கிவிட்டுத்தான் இறங்கினான். வேலையைப் பாதியில் விட்டுப் போகவில்லை. அந்த நேரம் முழுவதும் மூச்சக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எப்பவும் கேப்பீங்களே அக்கா, மூச்சு எங்கன்னு," என்றாள் இன்னொண்ணு. அழவில்லை. "குரல் கொடுக்கறவங்க முன்னாடி என்னைப் பேச வச்சிடாதே, எனக்குத் திக்கும்னும் சொல்லிடாதேன்னு மட்டும்தான் அவர் என்கிட்ட கேட்டார். அதனாலதான் அன்னைக்கு உங்ககிட்ட வாயைத் திறக்கல."

ஏணியின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறுமுனையை இவள் பிடிக்க, இருவரும் வெளியே போனார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும். தவளைக்காவது மழையைப் பார்த்துச் சந்தோஷத்தில் கத்தினேன் என்று ஒரு காரணம் இருக்கும். இவளுக்கு என்ன இருந்தது?

இன்னொண்ணு வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டாள். மருமகளுக்குப் புதுக்குரல் வந்தது. நல்ல பெண், கோடு போட்ட தாளோடுதான் வந்தாள். மூச்சக்காவின் போனை இன்னொண்ணு எடுக்கவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டே சவுண்டுக்காரர்தான் சொன்னார், கேட்காமலே.

"அந்த ஏசிக்காரர் வண்டியை ஓரமா நிறுத்திட்டு எழுதுவாராம் அக்கா. எந்த எழுத்து முட்டுதோ அந்த வார்த்தையை அடிச்சிட்டு வேற வார்த்தை போடுவாராம். அப்புறம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து ரெக்கார்ட் பண்ணுவாராம். போன் அடிச்சா எடுக்கவே மாட்டார், அவ்வளவு பயம். இவ பேர்தான் அவருக்கு ரொம்ப முட்டுதாம். அதனாலதான் உங்களை, உங்களைன்னே ஓட்டறார். கல்யாணத்துக்குள்ள பேரைச் சொல்லிக் காட்டறேன்னு தினமும் பழகறாராம்."

பேர் எங்கே என்று தான் கேட்டது மூச்சக்காவுக்கு நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு நடந்தே போனாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். அது கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. எத்தனை அம்மாக்களுக்காக, எத்தனை மாமியார்களுக்காகத் தொடர் முடிகிற கடைசி வாரத்தில் அழுது மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். ஆனால் வாயைத் திறந்தால் அந்த வசனங்கள்தான் வந்தன. 'இந்தப் பாவியை மன்னிச்சிடும்மா.' 'என் கண்ணை மறைச்சிருந்த திரை விலகிடுச்சு.' எவன் எழுதியதோ. அவள் சொந்தமாகச் சொல்ல ஒரு வரி இல்லை. பழைய வசனத்தாள் ஒன்றின் பின்பக்கத்தை எடுத்து எழுத உட்கார்ந்தாள். எழுதினாள், அடித்தாள். 'மன்னிப்பு' என்ற சொல் வருகிற இடத்தில் தொண்டை அடைத்தது. அதை எடுத்துவிட்டு 'தப்பு என்னோடதுதான்' என்று மாற்றினாள். 'கட்டில்' என்ற சொல்லையும் எடுத்தாள். பிறகு பழக்க தோஷத்தில் பென்சிலால் சாய்கோடு போட்டுக்கொண்டே வந்தாள். வெள்ளையடித்த அந்தக் காலி அறையில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். சரியில்லை. இன்னொரு முறை. இன்னும் ஒரு முறை.

எத்தனையாவது முறையோ, பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். கையில் இருந்த தாளைப் பார்த்தாள். தெருவில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒருவன் செய்கிற அதே வேலையைத்தான் இங்கே நின்று அவள் செய்துகொண்டிருந்தாள். உண்மையைச் சொல்கிறவன் எழுதி வைத்துப் படிக்க மாட்டான் என்று யாருக்கோ பாடம் எடுத்தாளே. முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். இந்த அழுகையில் எங்கே மூச்சு விடுவது என்று தெரியவில்லை.

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, இன்னொண்ணுவின் நம்பரைப் போட்டாள். எடுக்க மாட்டாள் என்றுதான் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்த நேரத்தில் எடுக்கப்பட்டது.

ஹலோ வரவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அது இன்னொண்ணுவின் மூச்சு இல்லை.

"அ..." என்றது போன்.

திரையில் வாய் மூடுவதற்குள் முடி, முடி என்று மற்றவர்களை விரட்டியே பழகியவள் மூச்சக்கா. அவள் காத்திருந்தாள். "அ... அ..." சுவரில் அடித்த வெள்ளையின் வாசனை இன்னும் போகவில்லை. கீழே யாரோ வாளியில் தண்ணீர் பிடித்தார்கள். அது நிரம்பி வழிகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"அக்கா," என்றான் அவன்.

முழுசாக வந்துவிட்டது. கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, "அவ... க... கடைக்குள்ள போயிருக்கா, போன் என் கையில இருந்துச்சு. உங்க பே... பேரைப் பார்த்தேன். எடுத்தேன்."

மூச்சக்கா தாளைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினாள். முதல் வரி, 'தம்பி, அன்னைக்கு நான் பேசினது.' அதற்குப் பிறகு ஒரு சாய்கோடு.

"தம்..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி மூச்சை இழுத்து, "த..." என்றாள். கழுத்தில் ஏதோ வந்து அடைத்துக்கொண்டு, கீழேயும் இறங்காமல் மேலேயும் ஏறாமல் நின்றது. பாதி வீடுகளில் கேட்கிற அந்தக் குரல், ஒரு சொல்லைத் தாண்ட முடியாமல் நின்றது. பக்கத்தில் இருந்த கட்டிலிலேயே உட்கார்ந்தாள். பிரிக்காத பிளாஸ்டிக் உறை சரசரவென்று சத்தம் போட்டது.

அவன் போனை வைக்கவில்லை. அவள் விட்ட சொல்லை எடுத்துக்கொடுக்கவும் இல்லை. அந்தப் பக்கத்தில் அவன் மூச்சு, அவசரமில்லாமல், வந்து போய்க்கொண்டிருந்தது.

"மெ... மெதுவா சொல்லுங்க அக்கா," என்றான். "எனக்கு அ... அவசரம் ஒண்ணும் இல்ல."